மஹய்யாவையிலிருந்து கோட்டைக்கு வழி

நான் ஜெர்மனிக்குப் போனதில்லை. ஆனால் அந்த நாட்டில் ஐஃபெல் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஊரில் என்னை இறக்கிவிட்டால் யாரிடமும் கேட்காமல் கோட்டைக்கு நடந்து போய்விடுவேன். முதலில் இரண்டு வட்டக் கோபுரங்களுக்கு நடுவே ஊர் வாசல். உள்ளே போனால் கல் பாவிய சந்தை வெளி, நடுவில் ஒரு நீரூற்று. வலப்பக்கம் மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் ஏற்றம். ஏற்றம் முடிகிற இடத்தில் கோட்டை.

நம் வயது ஆட்கள் சிரிப்பீர்கள், தெரியும். முழங்கால் வலியோடு கண்டி மார்க்கட்டுக்கே ஓட்டோவில் போகிறவளுக்கு ஜெர்மன் கோட்டை ஒரு கேடா என்று. சிரியுங்கள். நாமெல்லாம் சின்ன வயதில் போகாத இடத்துக்குப் போய் வந்தவர்கள்தானே. உங்களுக்கு வேறு வழி இருந்திருக்கும். எனக்கு மாமா இருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கண்டிக் குளத்துக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு விருந்தினர் விடுதியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டி ஊருக்குள்ளேயே மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் அவருடைய கட்டில். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. விடுதிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மன்காரர்கள். அவர்களுக்கு ஊரை விளக்கிச் சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி வருவார். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். மாமா வாயைத் திறக்காமல் வளைவுகளைப் பார்த்து ஓட்டுவார்.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் பேசி முடிந்திருந்தது. பெண் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண்ணின் அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு. வாக்குக் கொடுத்த அன்றைக்கே கணக்கப்பிள்ளை, "கடைசி வரைக்கும் டிரைவராவே இருந்துடாதீங்க தம்பி, கொஞ்சம் மேல வரப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். மாமாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கண்ணாடி முன்னால் அவர் நிற்கிற நேரத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆகவே விடுதிக்குச் சொந்தக்கார அம்மாவிடம், எல்லாரும் நோனா என்பார்கள், போய் வழிகாட்டி வேலை கேட்டார். அடுத்த சீசனுக்குள் ஜெர்மன் பேசக் கற்றுக்கொள், உன்னையே வழிகாட்டியாகப் போடுகிறேன் என்று நோனா சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வயதான ஜெர்மன் தம்பதி ஒன்று வந்து சேர்ந்தது. மனைவி ஓய்வு பெற்ற டீச்சர். ஒரு வாரம் மாமாவின் வேனில் சுற்றிய அந்த அம்மாள், வழி நெடுக அவருக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார். போகும்போது தங்கள் பகுதியின் ஊர்களையும் கோட்டைகளையும் பற்றிய ஒரு படப் புத்தகத்தையும், விரித்தால் கட்டிலை மூடிவிடும் ஒரு பெரிய மேப்பையும் கொடுத்தார். "நீ உன் ஊரைக் காட்டினாய். ஒருநாள் வா, நாங்கள் எங்கள் ஊரைக் காட்டுகிறோம்" என்றாராம். மாமா இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்தப் புத்தகத்தின் வாசம் இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வழுவழுப்பான தாள், புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து வைத்த வீடுகள். சிலேட்டுக் கல்லால் கூரை. நாங்கள் எழுதுகிற சிலேட்டையா கூரையில் போடுவார்கள் என்று எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. வட்டமாக வெட்டி வைத்தது போல ஏரிகள். ஒரு காலத்தில் எரிமலை வாயாக இருந்தவை என்று மாமா அகராதியைப் பார்த்துச் சொன்னார். ஒரு கோயில் கோபுரத்தின் உச்சியில், சிலுவைக்கும் மேலே, ஒரு சேவல். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் எங்கள் மாதா கோயிலில் பூசை உதவி செய்கிற பையன்.

"சிலுவைக்கு மேல எப்புடி மாமா சேவல் ஏறும்?"

"பேதுரு யேசுவ மறுதலிச்சப்ப கூவுச்சே, அந்தச் சேவலா இருக்கும்."

"அதுக்குன்னு மேலயா வைப்பாங்க?"

மாமா பதில் தெரியாத கேள்வி வந்தால் மூக்கைச் சொறிவார். அந்த நாட்களில் நிறையச் சொறிந்தார்.

கண்டியைப் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஐஃபெல் கோட்டைகள்தான். அதனால் அவற்றையே படித்தார். அதற்கு அவர் ஒரு நியாயமும் வைத்திருந்தார். "அவங்க நம்ம ஊருக்கு வந்தாலும் அவங்க ஊருக் கண்ணாலதான் பாக்குறாங்க. நாம ஒரு பெரிய வீட்டப் பாத்தா யாரோட வீடுன்னு கேப்போம். அவங்க எத்தன வருஷப் பழசுன்னு கேக்குறாங்க. அங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இங்க எதக் காட்டலாம்னு தெரியும்." நாற்பது வருஷத்துக்கு மேல் கழிந்து இதை எழுதும்போதும் அந்த நியாயத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் அண்ணனும் ஜெர்மன்காரர்கள் ஆவோம். மாமா முன்னால் நடப்பார். இடப்பக்கம் என்றால் லிங்ஸ், வலப்பக்கம் என்றால் ரெஹ்ட்ஸ். மணிக்கூட்டுக் கோபுரம்தான் ஊர் வாசல். மார்க்கட் சந்தை வெளி. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைச் சுற்றி உண்மையாகவே அகழி இருந்ததால் அங்கே மாமாவுக்குச் சொல் தட்டுப்பாடே வரவில்லை. அகழி, மதில், எட்டு மூலைக் கோபுரம் என்று பொழிந்து தள்ளுவார். நாங்கள் கழுத்தில் இல்லாத கெமராவைத் தூக்கி, கோபுரத்தை விட்டுவிட்டு அங்கே படுத்திருக்கும் நாயைப் படம் எடுப்போம். ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று அவரே சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு ஊருக்கு மேலே ஹந்தானை மலையில் ஏறினோம். தேயிலைக்கு நடுவே நின்று பார்த்தால் மேட்டின் உச்சியில் துரை பங்களா, சரிவில் வரிசை வரிசையாக லயங்கள், தோட்டத்து வேலைக்காரர்கள் குடியிருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிய அறைகள். மாமா புத்தகத்தை விரித்துப் பங்களாவுக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்திலும் உச்சியில் கோட்டை, கீழே காடு.

"அப்ப அங்க வேலைக்காரங்க எங்க படுப்பாங்க?" என்று அண்ணன் கேட்டான்.

மாமா புத்தகத்தைப் புரட்டினார். எந்தப் பிரபு கட்டினான், யார் முற்றுகை போட்டது, மணியின் எடை எவ்வளவு என்பதெல்லாம் இருந்தது. இது இல்லை. மூக்கைச் சொறிந்தார். அதற்குப் பிறகு விடுதிக்கு வந்த ஒவ்வொரு ஜெர்மன்காரரிடமும் அதைக் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்மா அந்த மேப்பைப் பார்த்துவிட்டாள். மாமா அதை முன்னறைத் தரையில் விரித்து, ஊர் ஊராகச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வழி சொல்லிப் பழகுவதற்காகப் போட்ட கோடு. அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்படியே உள்ளே போனாள். அன்றைக்கு இரவு மாமாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் முட்டை பொரித்தாள். எங்கள் வீட்டில் காரணமில்லாமல் முட்டை பொரிக்கிற வழக்கம் கிடையாது.

நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் யாராவது போய்க்கொண்டே இருந்தார்கள். தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு. வடக்கிலிருந்து பையன்கள் ஏஜென்டைப் பிடித்து ஜெர்மனிக்கு. ஒரு தமிழ் இளைஞன் ஜெர்மன் படிக்கிறான், ஜெர்மன் மேப்பில் கோடு போடுகிறான் என்றால், அவன் கண்டியில் வேலை பார்ப்பதற்காகத்தான் அதைச் செய்கிறான் என்று யார் நம்புவார்கள்? அம்மா தன் மனப்பாரத்தை அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் மட்டும் இறக்கி வைத்தாள். மட்டும் என்றால், மஹய்யாவை முழுக்க என்று அர்த்தம்.

முதலில் அந்த அம்மாவே வந்தார், வறுத்து இடித்த மிளகாய்த் தூள் ஒரு பொட்டலத்தோடு. அவருடைய மகன் ஜெர்மனியில் இருந்தான்.

"தம்பி, இதை ஒருக்கா என்ரை மகனிட்டைச் சேர்த்துவிடும். அவன் அங்கை தூள் இல்லாமல் காயிறான்."

"நான் எங்கயும் போகலங்க."

"ஓம் ஓம், எனக்கு விளங்குது. அவனும் கடைசி நாள் வரைக்கும் உப்பிடித்தான் சொன்னவன்."

அங்கேதான் மாமா மாட்டிக்கொண்டார். போகிறவர்கள் யாரும் போவதாகச் சொல்வதில்லை. கண் படும், போலீஸ் வரும், ஏஜென்ட் ஏமாற்றுவான். ஆகவே போகவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, போவது உறுதியானது. தெருக்கோடித் தையற்காரர் குளிருக்குப் போடுகிற கம்பளிக் கோட் ஒன்றைக் கொண்டு வந்து, கையை மட்டும் கொஞ்சம் குட்டையாக்கித் தருவதாகச் சொன்னார். மாமா சத்தம் போட்டபோது, பாவம், பிரிவுக் கவலை என்று சொல்லிவிட்டு அதைக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கும் அண்ணனுக்கும் அதைப் போட்டுப் பார்ப்பதில் ஒரே சண்டை. பூச்சி உருண்டை வாசத்தோடு முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

சிரித்துக்கொண்டிருந்தது ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் கதை ஏறும் வரைக்கும்தான். ஒரு சனிக்கிழமை காலை கணக்கப்பிள்ளை வந்து நின்றார். கூடவே பெண்ணும் வந்திருந்தார். தன்னையும் கூட்டிப் போனாலொழிய அப்பாவை விட மாட்டேன் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்தாராம். அம்மா கதிரையை இழுத்துப் போட்டாள். கணக்கப்பிள்ளை உட்காரவில்லை.

"போறது தப்புன்னு சொல்ல வரல தம்பி. எங்க அண்ணன், தம்பிங்க எல்லாருமே இந்தியாவுக்குப் போயிட்டாங்க. ரயில் ஏறுறப்ப எல்லாருந்தான் கடிதாசி போடுறேன்னாங்க. எனக்கு மிச்சம் இந்தப் பொண்ணு ஒண்ணுதான். இவளத் தபால்காரன் வர்ற வழியப் பாத்துக்கிட்டு நிக்க விட மாட்டேன். பேசுனதோட நிறுத்திக்குவோம்."

"நான் போகலங்க" என்றார் மாமா.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

மெய்யைச் சொல்லியும் பயனில்லாத இடத்தில் ஒரு மனிதர் நிற்பதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது.

அப்போது அந்தப் பெண் பேசினார். "அந்த மேப்ப நான் பாக்கலாமா?"

மாமா மேப்பையும் புத்தகத்தையும் எடுத்தார். "இங்க வச்சு வெளங்காது. வாங்க, காட்டுறேன்" என்றார். விடுதி வேன் வாசலில் நின்றது. கணக்கப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே முன்னால் ஏறினார். பெண்ணும் அம்மாவும் நடுவில். நானும் அண்ணனும் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டோம். வேன் ஹந்தானை வளைவுகளில் ஏற, மாமா ஜெர்மன்காரர்களுக்குச் சொல்வது போலவே தொடங்கினார், ஆனால் தமிழில். இது ஊர் வாசல் என்று வையுங்கள். இது சந்தை. அதோ தெரிவது கோட்டை. முதல் இரண்டு வளைவுக்கு ஓரக்கண்ணால் கணக்கப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு எங்களை மறந்துவிட்டார். கணக்கப்பிள்ளை நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு ஒசரத்துல வீட்டக் கட்டிட்டுத் தண்ணிக்கு என்ன செஞ்சாங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். லயத்துத் தண்ணீர்ப் பீலியில் குடம் பிடித்து வளர்ந்தவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

"கெணறுங்க. பாறையக் கொடஞ்சு மலையோட அடி வரைக்கும் தோண்டியிருக்காங்க. வருஷக்கணக்கா ஆயிருக்கு. மேல ஒரு பெரிய சக்கரம். அதுக்குள்ள ஆள் நடந்தா வாளி மேல வரும். இப்பவும் அங்க போறவங்களுக்கு ஒரு குவளத் தண்ணிய உள்ள ஊத்திக் காட்டுவாங்களாம். ஊத்திட்டு எல்லாரும் பேசாம நிப்பாங்களாம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கீழருந்து சத்தம் வருமாம்."

"அந்தச் சக்கரத்துக்குள்ள நடந்தது யாரு?"

மாமா வேனை ஓரமாக நிறுத்தினார். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அதத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். அந்த ஆளுங்க எங்க படுத்தாங்கன்னும் இதுல இல்ல" என்று புத்தகத்தைத் தட்டினார்.

கீழே யாரோ கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசிக்கொள்வது கேட்டது. அந்தப் பெண் அப்பாவின் பக்கம் சாய்ந்து சொன்னார்: "அப்பா, ஏஜென்ட் புடிச்சுப் போறவன் வேல எங்க கெடைக்கும், தங்க எங்க எடம்னு பாப்பான். பாழாப்போன கோட்டையில கெணறு எங்க இருக்குன்னா பாப்பான்? இவரு எங்கயும் போக மாட்டாரு. எனக்கு நல்லாத் தெரியுது."

கணக்கப்பிள்ளை யோசித்தார். கணக்குப் பார்த்துப் பழகிய தலை, இது அவருக்குச் சரியாக வந்தது. திடீரென்று சிரித்தார். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "புத்தகம் தொழிலுக்கு வேணும், இருக்கட்டும். அந்த மேப்ப மட்டும் எடுத்து வச்சிருங்க. பாத்தா மனசு ஒரு மாதிரியா இருக்கு."

அம்மா அதை அலுமாரியின் அடித்தட்டில் நாலாக மடித்துப் பரப்பி, மேலே தன் சேலைகளை அடுக்கினாள். படம் உட்பக்கம் போகும்படி. பல வருஷம் அது அங்கேயே கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது அலுமாரியை வாங்கிப்போனவர் அதையும் சேர்த்துக் கொண்டுபோனார். தூள் பொட்டலத்தை நாங்களே சாப்பிட்டோம். யாழ்ப்பாணத்து அம்மா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

பாஸ்காவுக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் எனக்கு அத்தை ஆனார். மாமா வழிகாட்டி ஆனார், நல்ல வழிகாட்டி. முப்பது வருஷத்துக்கு மேல் ஜெர்மன்காரர்களுக்குக் கண்டியைக் காட்டினார். வருகிறவர் ஐஃபெல் பக்கம் என்று தெரிந்தால் அவருடைய ஊர்ச் சந்தையில் நீரூற்று எந்தப் பக்கம் என்று அவருக்கே சொல்லி அசத்துவார். பல பேர் தங்கள் ஊருக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கு இங்க வேல இருக்கு" என்பார். எங்கள் குடும்பத்தில் இது பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. எல்லாரும் போனார்கள், இவர் போகவில்லை என்று அம்மா சாகும் வரைக்கும் சொன்னாள்.

இப்போது என் மகள் ஜெர்மனியில் தாதியாக வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளுக்கு லீவு கிடைத்த ஒரு நாள், மாமாவின் வீட்டில் நான் இருந்த நேரமாகப் பார்த்து வீடியோவில் கூப்பிட்டாள். அந்த ஊர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாமாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடி. போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "நேரப் போ. நீரூற்று வரும். ரெஹ்ட்ஸ்ல கோயில். கோபுரத்துல சேவல் இருக்கா பாரு" என்றார். இருந்தது. சிலுவைக்கு மேலேயே இருந்தது.

கோட்டைக்குள் ஒரு பெண் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் ஊற்றினார்கள். அங்கே எல்லாரும் பேசாமல் நின்றார்கள். இங்கே மாமாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். சமையலறையில் அத்தையின் பாத்திரச் சத்தமும் நின்றது. வெகு நேரம் கழித்து, போனுக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

"அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு கேளும்மா" என்றார் மாமா. "வேலைக்காரங்க எங்க படுத்தாங்கன்னு."

என் மகள் கேட்டாள். அந்தப் பெண் உடனே கையை நீட்டினாள். ரொம்ப நாள் இடிந்து கிடந்து, இப்போதுதான் எடுத்துக் கட்டியிருக்கிறார்களாம். மகள் போனைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வெளி மதிலை ஒட்டித் தாழ்வான கூரை. ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். அடுத்து ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். அப்படியே மதில் திரும்புகிற இடம் வரைக்கும்.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"லயம்" என்றார்.

போன் அணைந்த பிறகும் அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். எனக்கு ஏன் அது அன்றைக்கு வரைக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அவர் போக மாட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள அத்தனை பேர் அலைந்தார்கள். ஆசை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"மாமா, அந்தக் காலத்துல உங்களுக்கு அங்க போகணும்னு இருந்துச்சா?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா ஒண்ணும் முட்டாள் இல்ல."

அத்தை தேத்தண்ணியோடு கதவருகிலேயே நின்றிருந்தார். "எனக்கு அன்னைக்கு வேன்லயே தெரியும்" என்றார். "கெணத்தப் பத்திச் சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேனே. அப்பாகிட்டச் சும்மாதான் அப்புடிச் சொன்னேன். இல்லாட்டி எங்க கட்டிக் குடுத்திருப்பாரு."

"தெரிஞ்சே கட்டிக்கிட்டியா?"

"கலியாணம் முடிஞ்சதும் கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னன்னு?"

அத்தை கோப்பையை அவர் கையில் கொடுத்தார். "நீயும் வர்றியான்னு."